மகாராணி கொடுத்த பதக்கம்

தாயத்தா என்று கேட்டீங்களே அக்கா, தாயத்து இல்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறாங்க. பிள்ளை இடுப்பில் தகரத்தைக் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் வேறு என்னதான் கேட்பாங்க? உங்க டோக்கன் என்ன நம்பர்? நாற்பத்தொன்றா? நான் முப்பத்தொன்பது. இப்போது பதினெட்டில் நிற்கிறது. சிஸ்டர் டீ குடித்துவிட்டு வந்தால்தான் பத்தொன்பது. அதுவரைக்கும் சொல்கிறேன், கேளுங்க. நேரமும் இருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளும் இல்லை.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, இவள் உங்க பிள்ளை முடியைப் பிடித்து இழுப்பாள். ஒன்பதாம் மாத ஊசிதானே உங்களுக்கும்? சரி, நம்ம இரண்டு பேரும் ஒரே கட்சி.

நான் பிறந்தது ஊரணிப்பட்டி. வாக்கப்பட்டது கருவேலப்பட்டி. இரண்டு ஊருக்கும் இந்த ஒரே ஆஸ்பத்திரிதான். பெயர் சுகந்தி. ஆனால் கருவேலப்பட்டியில் வந்து சுகந்தி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மகாராணி வீடு எது என்று கேளுங்க, நாய்கூட வந்து வழிகாட்டும். அந்தப் பெயரை நானே காசில்லாமல் சம்பாதித்தேன், இந்தத் தகரத்தை வைத்து.

நல்லா பாருங்க. பழைய ஒரு ரூபாய் அகலம். மேலே கயிறு கோக்க ஒரு ஓட்டை. நடுவில் இங்கிலீஷ் எழுத்து ஒன்று, அதற்குக் கீழே வரிசையாக நம்பர். எல்லாம் பொடிப்பொடித் துளையாகக் குத்தியிருக்கும். நூறு வருசத்துக்கு மேலே எத்தனையோ கழுத்தில் உரசியதால் ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு, பிள்ளையைக் கிழிக்காது. 

இதற்கு எங்கள் அப்பா ஒரு கதை சொல்வார். அப்பா பெயர் சோலையப்பன். எங்கள் முப்பாட்டனார் வீரமலை என்று ஒருத்தராம். வெள்ளைக்கார துரை ஒருத்தர் எங்கள் பக்கம் வேட்டைக்கு வந்தாராம். வந்த இடத்தில் துரை மேலே புலி பாய்ந்துவிட்டதாம். துரை துப்பாக்கியைப் போட்டுவிட்டு மரத்தில் ஏற, வீரமலை வேல்கம்பால் ஒரே குத்து. துரை மரத்திலிருந்து இறங்கி லண்டனுக்குக் கடிதம் எழுத, மகாராணி அம்மா தன் கையாலேயே பெட்டியில் வைத்து அனுப்பிய பதக்கமாம் இது.

எங்கள் பக்கம் புலி ஏது என்று கேட்காதீங்க. முயல் ஒளிய இடமில்லாத பொட்டல் அது. அதுவும் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதையில் வந்தது காட்டுப்பன்றி. நான் வயசுக்கு வந்தபோது சிறுத்தை. கல்யாணம் பேசுகிறபோது புலி. எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தால் அவள் கல்யாணத்துக்கு அது யானையாகியிருக்கும். பன்றி எப்போதுப்பா புலியானது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் கேட்கணும்? கேட்கிறதுக்குப் புலிதானே நன்றாக இருக்கிறது!

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுத்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறபோது இதைக் கழுத்தில் போட்டுத்தான் அனுப்புவாங்க. மறுவீட்டுக்குத் திரும்பி வந்ததும் முதல் காரியமாகக் கழட்டி அப்பா கையில் கொடுக்கணும். கொடுத்தால்தான் சாப்பாடு. மாப்பிள்ளை பசியோடு நின்றாலும் சரி. என் தம்பி ஒரு தடவை சின்ன வயசில் எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் ஆடினான். அப்பா பிடுங்கி வாங்கி, கழுவி, விபூதி போட்டு மாடத்தில் வைத்தார். ஆம்பளைப் பிள்ளை போடக்கூடாது. அது அப்படித்தான்.

என் கல்யாணத்துக்கும் போட்டார். சங்கிலி மூன்று பவுன், அதற்கு மேலே மஞ்சள் கயிற்றில் பதக்கம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கருவேலப்பட்டியில் இறங்கினேன். எங்கள் அத்தை, அதான் மாமியார், ஆரத்தித் தட்டைப் பிடித்தபடி என் கழுத்தையே பார்த்தாங்க. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அசந்து போயிட்டாங்க என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மறுவீடு போய்வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. அத்தை நூறு நாள் வேலை முடிந்து கண்மாயிலிருந்து வந்தாங்க. அஞ்சலை என்று பெயர். வேலைக்குப் போகிற பெண்களில் அவங்கதான் முன்னாடி நிற்கிற ஆள். வந்ததும் வராததுமாக வாசலில் நின்று சொன்னாங்க.

"ஏ சுகந்தி, நாளைக்கு நீயும் வா. அட்டையில உன் பேரையும் சேர்த்துடலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? இப்போது நினைத்தாலும் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போல இருக்கிறது.

"அத்தை, நாங்க மகாராணி கையால பதக்கம் வாங்கின வம்சம். எங்க வம்சத்துல கூலிக்கு மண்வெட்டி பிடிச்சதில்ல."

எங்கள் அப்பா வருசம் பூராவும் வரப்பு வெட்டுகிறவர். அது சொந்த வரப்பு, கணக்கில் வராது என்று விட்டுவிட்டேன். அத்தை என்னை மேலேயிருந்து கீழே வரை ஒரு தடவை பார்த்தாங்க. "சரி" என்றாங்க. அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரே பேச்சில் மாமியாரை ஜெயித்த மருமகள் இந்தப் புதுக்கோட்டைப் பக்கத்திலேயே நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். "எதுக்கும் நீ கொஞ்சம் பார்த்து இரு" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்துதான் நான் மகாராணி. "மகாராணி, தண்ணி வந்துடுச்சு, குடத்த எடு." "மகாராணி, ஆடு வெளிய போகுது பாரு." எட்டு வருசம், அக்கா. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாங்க என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐயோ, பிடிங்க பிடிங்க, உங்க பையிலிருந்து பால்புட்டி விழுகிறது. ஆமாம், இருபத்திரண்டு வந்துவிட்டது. சிஸ்டர் இன்றைக்கு வேகம்தான்.

நடுவில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆடிப் படையலுக்கு அத்தையை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுப் படையலில் எல்லார் வீட்டையும் போலச் சோறு, குழம்பு, வடை எல்லாம் உண்டு. கூடவே ஒரு கண்ணாடித் தம்ளரில் பால் ஊற்றாத தேயிலைத் தண்ணி வைப்போம், கருப்பட்டி போட்டு. எங்கள் வம்சத்து மூதாட்டி கருப்பாயி ஆத்தாவுக்கு என்று சொல்லி வைப்பது. அத்தை குனிந்து பார்த்தாங்க.

"ஏண்டி, ஒரு ஆழாக்குப் பாலு வாங்க வக்கில்லையா உங்கப்பனுக்கு? சாமிக்கு வைக்கறதுல இப்படியா கஞ்சத்தனம்?"

"அத்தை, லண்டன்ல மகாராணி பால் கலக்காமத்தான் குடிப்பாங்களாம். அந்தப் பழக்கம்தான் எங்களுக்கும்."

"யாரு சொன்னா?"

"சரித்திரத்துல இருக்கு அத்தை."

சரித்திரத்தில் நான் வாங்கிய மார்க் பதினேழு. அது அத்தைக்குத் தெரியாதே!

இப்படியே போயிருந்தால் சாகிற வரைக்கும் மகாராணியாகவே இருந்திருப்பேன். கெடுத்தது பள்ளிக்கூடம். என் மூத்தவள் தர்ஷிகா இரண்டாம் வகுப்பு. போன தை மாதம் பெற்றோர் கூட்டத்தில் பெரிய டீச்சர் ஒரு உத்தரவு போட்டாங்க. பள்ளியில் பழம்பொருள் கண்காட்சியாம். வீட்டுக்கு ஒரு பழைய பொருள் கொண்டு வரணும், கூடவே அது எந்த முன்னோருடையது என்று குடும்ப மரம் வரைந்து சார்ட் ஒட்டணும். டவுன் மியூசியத்திலிருந்து ஒரு மேடம் பார்க்க வராங்க. யார் யாரோ மரக்கால், உரல், கெட்டுப்போன ரேடியோ என்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்தாங்க. நான் எழுந்து சொன்னேன்: "டீச்சர், எங்ககிட்ட இருக்கறது உலகத்துலயே ஒண்ணுதான்." பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழட்டிவிட்டு என்னைப் பார்த்தாங்க. "அப்ப நீங்களே மைக்ல பேசுங்க. பேரும் வருசமும் சரியா விசாரிச்சு எழுதிட்டு வாங்க" என்றாங்க.

விசாரிக்கிறதற்கு என்ன? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன், தாசில்தார் மாதிரி.

"உங்கப்பா பேரு சின்னையா. அவருக்கு அப்பா?"

"வீரமலை."

"அம்மா?"

"கருப்பாயி ஆத்தா."

"வீரமலைக்கு அப்பா யாரு?"

அப்பா மாட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வீரமலைதான் தாயி ஆதி. அவருக்கு மேல போகக்கூடாது."

"சரி, கருப்பாயி ஆத்தாவுக்கு அப்பா?"

"பெரியகருப்பன்." பட்டென்று வந்தது பதில்.

"அது மட்டும் எப்படிப்பா தெரியும்?"

"பத்திரத்துல இருக்கே!"

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். வீட்டுமனைப் பத்திரம். மடிப்பெல்லாம் கிழிந்து, தொட்டால் உதிர்கிற மாதிரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. பெரியகருப்பன் மகள் கருப்பாயி வாங்கினது என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே முத்திரையில் கிரீடம் வைத்த தலை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மகாராணி! கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் மகாராணிக்குத் தாடி இருந்தது. சரி, மகாராணியின் வீட்டுக்காரராக இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

"ஏன்ப்பா, புலியக் குத்தினது வீரமலை. மனை ஏன் பொம்பளை பேருல இருக்கு?"

"பெரிய மனுசன் தாயி. தன் பேருல வாங்கக் கூச்சப்பட்டிருப்பாரு."

சார்ட்டில் அதையும் எழுதினேன், அக்கா. 'தன்னடக்கம் மிக்கவர்' என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். உச்சியில் கிரீடம், கீழே புலி, புலிக்குக் கீழே வீரமலை. அவருக்குப் பக்கத்தில் இடம் போதாமல் கருப்பாயி ஆத்தாவை ஓரத்தில் சின்னதாகப் போட்டேன். தர்ஷிகா பார்த்துவிட்டு, "அம்மா, புலி பூனை மாதிரி இருக்கு" என்றாள். பூனைக்கு நாலு வரி கூடப் போட்டேன்.

கண்காட்சி அன்றைக்குக் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டி, அப்பாவிடம் இரவல் வாங்கிய பதக்கத்தோடு போனேன். ஊரே வந்திருந்தது. நூறு நாள் வேலைக்காரங்க அத்தனை பேரும் கண்மாயிலிருந்து நேரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க, கால் நிறையச் சேற்றோடு. நடுவில் அத்தை. அவங்க கேட்கட்டும் என்றே மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்துப் பேசினேன். பத்து நிமிசம். புலி பாய்ந்த இடத்தில் குரலையும் ஏற்றினேன், முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதே விட்டது.

மியூசியத்து மேடம் பெயர் திலகா. சின்ன வயசுதான், என்னைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும். பதக்கத்தை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. விலையைத்தான் மனசில் போடுகிறாங்க என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாங்க.

"உங்க வீட்ல இத யாரும்மா போட்டுக்கறது?"

நான் மைக்கிலேயே சொன்னேன். கல்யாணம், மறுவீடு, கழட்டிக் கொடுத்தால்தான் சாப்பாடு, எல்லாம்.

"ஆம்பளைங்க?"

"தொடவே கூடாது மேடம்! எங்க வம்ச வழக்கம்."

"வீரமலைக்குக் கொடுத்தத வீரமலையே தொடக்கூடாதா?"

அக்கா, எட்டு வருசமாக, இல்லை, பிறந்ததிலிருந்தே இந்தக் கதையைக் கேட்டவள் நான். எனக்கு அது தோன்றியதே இல்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று கேட்டது.

மேடம் தன்மையான ஆள். என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னாங்க. ஆனால் மைக் என் கையில்தான் இருந்தது. அதை அணைக்கணும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஊரே கேட்டது.

"இது பதக்கம் இல்லம்மா. அந்தக் காலத்துல நம்ம பக்கத்துலேர்ந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவங்க கழுத்துல மாட்டின தகர டிக்கெட். இந்த நம்பர்ல ஒண்ணு தோட்டத்துக்கு, ஒண்ணு ஆளுக்கு. வழியில யாரும் பேர் கேக்கமாட்டாங்க, இதத்தான் பார்ப்பாங்க. கடற்கரையில மண்டபம்ங்கற ஊர்ல முகாம் போட்டு நிறுத்தி வச்சு, அம்மைக்கு ஊசி குத்தி, அப்புறம்தான் கப்பல் ஏத்துவாங்க. பொம்பளைங்களுக்கும் தனி டிக்கெட் உண்டு. உங்க வழக்கத்தப் பார்த்தா, இது ஒரு பொண்ணு போட்டுட்டுப் போயி, போட்டுட்டே திரும்பி வந்தது மாதிரிதான் எனக்குத் தெரியுது."

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கணும். கேட்டேன், மைக்கில்: "கூலின்னா, எந்த மாதிரிக் கூலி மேடம்?"

"கொழுந்து பறிக்கற கூலிதாம்மா."

கடைசி பெஞ்சில் யாரோ ஒருத்தி 'களுக்' என்றாள். அவ்வளவுதான், கண்மாய் உடைந்த மாதிரி ஊரே சிரித்தது. அதற்குள்ளே தர்ஷிகா எழுந்து மேடத்தின் சேலையைப் பிடித்து, "அப்ப புலி?" என்று கேட்டாள். மேடம் பாவம், "புலியப் பத்தி எனக்குத் தெரியலையேம்மா" என்றாங்க. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தனை பேரில் அவங்க ஒருத்திதான் சிரிக்கவில்லை.

இங்கே பாருங்க இவளை, கயிற்றோடு இழுத்து வாயில் வைக்கிறாள். விடுடி. இரு, கழட்டி என் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். நூறு வருசத்துத் துரு, வயிற்றுக்குள் போனால் அதற்கு ஒரு ஊசி போடணும்.

எங்கே விட்டேன்? ஆமாம். வீட்டுக்குப் போகிற தைரியம் இல்லை. அப்படியே பட்டுச் சேலையோடு, இவளைத் தூக்கிக்கொண்டு ஊரணிப்பட்டிக்கு மினிபஸ் ஏறினேன். அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, புலி எங்க?"

முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா சாகறப்ப எனக்கு எட்டு வயசு தாயி. இது கருப்பாயி ஆத்தா கடல் தாண்டிப் போயிட்டு வந்தப்ப கழுத்துல கெடந்தது, பொண்ணுங்களுக்குப் போட்டு அனுப்பு, திரும்பி வாங்கிக்கன்னு மட்டும் சொன்னாரு. வேற ஒண்ணும் தெரியாது. பன்னிக் கதை, நீ தூங்கமாட்டேன்னு அழுவ, அதுக்குச் சொன்னது."

"புலி?"

மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உன்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்கல்ல. கழுத்துக்கு என்ன போடுவீங்கன்னு கேட்டாங்க. மூணு பவுன்னேன். அவ்வளவுதானான்னு ஒருத்தர் கேட்டாரு. நான் வீட்டச் சுத்திப் பார்த்தேன், வேற என்ன இருக்கு சொல்றதுக்கு? மாடத்துல இதுதான் இருந்துச்சு. அப்பத்தான் தாயி, சிறுத்தை புலியாச்சு."

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மாடு தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. மனையை வாங்கியவளை ஓரத்தில் போட்டுவிட்டு, இல்லாத புலியை நடுவில் போட்டு நாலு வரி இழுத்தேனே என்று நினைத்தேன். தேயிலைத் தண்ணி யாருக்கு, பத்திரம் ஏன் அவள் பேரில், எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்தது. அதற்கெல்லாம் நானே ஒரு மகாராணியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன்.

"உன் மாமியா என்ன சொன்னா?" என்று கேட்டார் அப்பா.

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா. அதான் பயமா இருக்கு."

போய்த்தானே ஆகணும்? போனேன். அத்தை வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாங்க. தர்ஷிகா சார்ட்டைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தாள். நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். எட்டு வருசத்துக்கும் சேர்த்துத் திட்டு வாங்கப் போகிறேன், நின்றே வாங்கிக்கொள்வோம் என்று.

அத்தை முந்தானையில் முகத்தைத் துடைத்தாங்க.

"தகரம்னு எனக்கு ஆரத்தி எடுக்கறப்பவே தெரியும்டி. தெனமும் தகரச் சட்டியில மண்ணு சுமக்கறவளுக்குத் தகரம் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அத்தை அன்னிக்கு சரின்னீங்க?"

"நீ வந்த புதுசுல ஒரு கொடம் தண்ணி தூக்க மூணு தடவ உட்காருவ. உன்னைக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனா உன் பங்கு மண்ணையும் நான்தான அள்ளணும்? பதக்கமோ கிதக்கமோ, வீட்டோட கெடக்கட்டும்னு விட்டேன்."

பாருங்க அக்கா. நான் ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று இருந்தது இதைத்தான்!

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவங்க கையை விரித்துக் காட்டினாங்க. காய்ப்புக் காய்த்த கை, வெடிப்பிலெல்லாம் மண்.

"ஆனா ஒண்ணு. கூலிக்கு மண்வெட்டி பிடிக்காத வம்சம்னு அன்னிக்கு எங்கிட்ட சொன்ன பாரு. அப்ப நான் இந்தக் கையக் கழுவக்கூட இல்ல. இந்த மண்ணோடதான் உன் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்."

எட்டு வருசமாக அது அவங்களுக்குள்ளே கிடந்திருக்கிறது, அக்கா. ஒரு நாளும் எடுத்துக் காட்டியதில்லை. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவங்களே, "போதும், போயி அரிசியக் களை. காலையில ஏழு மணிக்குக் கெளம்பு. பட்டுச் சேலை வேணாம்" என்றாங்க.

இதுதான் அக்கா கதை. இப்போது நானும் நூறு நாள் வேலைக்காரி. இவளை அங்கேயே வேப்பமரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிடுவேன். எனக்கும் அட்டை உண்டு, அதில் நம்பர் உண்டு. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி போட்டோ பிடிப்பாங்க, அப்போதுதான் வந்ததாகக் கணக்கு. முதல் நாள் உள்ளங்கை பூராவும் கொப்புளம். "மகாராணி, சட்டியத் தூக்கு, புலி வருது" என்று ஒருத்தி கத்துவாள், கண்மாயே சிரிக்கும். நானும்தான். என் பங்கு மண்ணில் பாதியை அத்தைதான் அள்ளினாங்க. வாயும் சும்மா இல்லை, அள்ளுகிற ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு திட்டு. பதினொரு மணிக்கு நான் தூக்குவாளியில் கொண்டு போன தேயிலைத் தண்ணியை, பால் இல்லாதது, ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாங்க, தம்ளரைப் பார்த்தாங்க. "பரவால்ல. உங்க மகாராணி குடிச்சா குத்தமில்ல" என்றாங்க.

திலகா மேடம் இதை மியூசியத்துக்குக் கேட்டாங்க. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "கண்ணாடிப் பெட்டியில வச்சுட்டா, எங்க புள்ளைங்க கழுத்துல எதப் போட்டு அனுப்பறது? திரும்பி வரணும்ல?" என்றார். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போனாங்க. சார்ட்டைத் திருப்பிப் போட்டு, தர்ஷிகாவும் நானும் புதிதாக வரைந்தோம். நடுவில் கருப்பாயி ஆத்தா. அவளுக்குக் கீழேதான் நாங்கள் எல்லாரும். வீரமலையை ஓரத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறோம், அவர்தான் தன்னடக்கம் மிக்கவராயிற்றே!

ஒன்று சொல்லணும், நீங்க சிரிக்கக் கூடாது. இப்போது நான் கண்மாயில் கருப்பாயி ஆத்தா கதையைச் சொல்கிறேன். ஒண்டியாளாகக் கப்பல் ஏறிப் போய், மலையெல்லாம் ஏறிக் கொழுந்து பறித்து, ஒண்டியாளாகத் திரும்பி வந்து மனை வாங்கின கதை. ஆரம்பத்தில் கடல் கொஞ்சம் அலையோடு இருந்தது. போன வாரம் புயல் அடித்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்கிறார், "இன்னும் ரெண்டு வாரத்துல நீ கப்பல கவுத்துடுவ" என்று. அப்பா ரத்தம், அக்கா. எங்கே போகும்?

இன்றைக்குக் காலையில் வரும் வழியில் அப்பா வீட்டில் இறங்கினேன். ஊசிக்குப் போகிற பிள்ளை என்று அவர்தான் இவள் இடுப்பில் கட்டிவிட்டார். கழுத்துக்கு இன்னும் வயசு வரவில்லையே! கருப்பாயி ஆத்தாவும் இப்படித்தானே அக்கா நின்றிருப்பாள், மண்டபத்தில், நம்பரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊசிக்கு? பக்கத்தில் உட்கார்ந்து பேச உங்களை மாதிரி ஒருத்தி இருந்தாளோ என்னவோ. "சாயந்தரம் கொண்டாந்து கையில குடுத்துடு தாயி" என்றார் அப்பா. கொடுத்தால்தான் எனக்கும் இவளுக்கும் சோறு.

என்ன, முப்பத்தொன்பதா? நான்தான் நான்தான்! அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. வரேன் சிஸ்டர், இதோ. அட்டை இந்தாங்க. டோக்கனா? கையிலதான் வச்சிருக்கேன், இந்தாங்க, பிடிங்க.

என்ன சிஸ்டர் அப்படிப் பார்க்கறீங்க? எந்த ஊரு டோக்கனா? ஐயையோ, அதக் குடுங்க, குப்பையில போட்டுறாதீங்க! அது எங்க கருப்பாயி ஆத்தாவோட டோக்கன். இந்தாங்க, இதுதான் என்னுது.